மரித்தோரை அடக்கம் செய்வது



1348-ஆம் ஆண்டு கொள்ளைநோயில் பிரான்சு தேசத்து அவிஞ்ஞோன் நகரின் கல்லறைகள் நிரம்பிவிட்டன. பாப்பரசர் 6-ஆம் கிளமெந்து ரோன் நதியையே மந்திரித்தார்; அதில் விடப்பட்ட பிரேதங்களுக்கும் கிறிஸ்தவ அடக்கம் கிடைக்கவேண்டுமென்பது அவர் கருத்து.

நம் நாட்டில் நடந்ததென்ன? 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் மரித்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் பிரேதம் வந்த ஆம்புலன்சின்மேல் ஜனங்கள் கல்லெறிந்தார்கள். பிறகு சக மருத்துவர் ஒருவரே, ஊழியர் துணையோடு, வேலங்காட்டில் இரவோடிரவாக மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்.

பயப்படுவது பாவமா? அல்ல. பயத்தால் அடக்கம் செய்யும் விதம் மாறலாம், கடமை மாறாது. இது தர்மக் கிரியைகளில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்தோமே! இன்னொரு கொள்ளைநோய் வந்தால், கீழ்பென்னாத்தூர்க் கல்லறை வாசலில் நாம் கல்லோடு நிற்போமா, மண்வெட்டியோடு நிற்போமா?