சூரியன் கொடுத்த பாத்திரம்



தேவாரம் பாடி முடித்தாச்சு, தீபாராதனையும் ஆச்சு. இப்போ சமய வகுப்பில் அறிவியல் பாடமா என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுங்க. முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்.

சுங்கை பாலாஸ் போங்க, ஹபு போங்க, மலை முழுக்கத் தேயிலைச் செடிதான். கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கியது 1929-இல். அன்றிலிருந்து கொழுந்தை வெட்டி வெட்டி மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். கிட்டத்தட்ட நூறு வருஷம். அத்தனை கொழுந்தையும் செடி எதிலிருந்து செய்தது?

"மண்ணிலிருந்துதான்" என்று சொல்வீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியானால் நூறு வருஷமாக லாரியில் ஏறிப்போன கனத்துக்கு இந்த மலையில் பெரிய பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே? உரம் போடுகிறோம், உண்மைதான். ஆனால் செடிக்கு ஒரு கைப்பிடி உரம் வைத்துவிட்டுக் கூடை கூடையாகக் கொழுந்து எடுக்கிறோம். கணக்கு இடிக்கிறது இல்லையா?

இதே கணக்கு ஐரோப்பாவில் ஒருவருக்கும் இடித்திருக்கிறது. வான் ஹெல்மான்ட் என்பது அவர் பெயர். இன்றைய பெல்ஜியம் நாட்டுக்காரர். ஒரு பெரிய தொட்டியில் காய்ந்த மண்ணை ஏறக்குறைய 90 கிலோ நிறுத்துக் கொட்டினார். அதில் இரண்டே கால் கிலோ கனமுள்ள ஒரு சின்ன வில்லோ மரத்தை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் ஏறக்குறைய 77 கிலோ. மண்ணைக் காயவைத்து நிறுத்துப் பார்த்தார். குறைந்தது அறுபது கிராம்கூட இல்லை! அவர் காலமான பிறகு, 1648-இல், இது புத்தகமாக வெளிவந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. மீதிப் பாதி அவர் மூக்குக்கு முன்னாலேயே இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் காற்று.

இப்போ மகாபாரதத்துக்கு வருவோம்.

வனபர்வத்தின் தொடக்கம். சூதாட்டத்தில் எல்லாவற்றையும் இழந்து பாண்டவர்கள் காட்டுக்குப் போகிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அந்தணர்கள் கூட்டமாகப் பின்னாலேயே வருகிறார்கள். தருமருக்கு நாட்டை இழந்த துக்கத்தைவிட இது பெரிய கவலையாகிவிட்டது. வந்தவர்களுக்குச் சோறு போட வழியில்லையே! புரோகிதர் தௌமியரிடம் கேட்கிறார். தௌமியர் சொன்னதன் சாரம் இது: ஆதியில் உயிர்கள் எல்லாம் பசியால் துடித்தன. பெற்ற தகப்பன் பிள்ளைகளைப் பார்ப்பது போலச் சூரியன் அதைப் பார்த்து இரங்கினான். வடக்கே நகரும் காலத்தில் கதிர்களால் நீரை ஈர்த்துக்கொண்டான். தெற்கே திரும்பும் காலத்தில் தன் வெம்மையை மண்ணுக்குள் வைத்தான். மழை பெய்தது, செடி கொடிகள் முளைத்தன, உயிர்களின் பசி ஆறியது. ஆகையால் நீ சாப்பிடுவது எதுவானாலும் அது சூரியன்தான். அவனிடமே போய்க் கேள்.

தருமர் நீரில் நின்று சூரியனைத் துதிக்கிறார். சூரியன் ஒரு செப்புப் பாத்திரத்தைக் கொடுக்கிறான். பன்னிரண்டு வருஷத்துக்கும் சோறு வரும். பாஞ்சாலி சாப்பிட்டு முடிக்கும் வரை அன்றைக்கு அது வற்றாது. இதுதான் அட்சய பாத்திரம்.

மகாபாரதத்திலேயே ஒளிச்சேர்க்கை எழுதியிருக்கிறது என்று சொல்லிக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை. அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. இலைக்குள்ளே என்ன நடக்கிறது என்று தௌமியர் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க எத்தனையோ பேர் சோதனைச்சாலையில் காலமெல்லாம் உழைத்தார்கள். தௌமியர் சொன்னது வேறு. பசித்தவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்பதைச் சொன்னார். சோதனைச்சாலைக்காரர்கள் அந்தச் சமையல் எப்படி நடக்கிறது என்று காட்டினார்கள். நமக்கு இரண்டுமே வேண்டும்.

அந்தச் சமையலைப் பார்ப்போம். ஒரு தேயிலையைத் திருப்பிப் பாருங்க. அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளைகள், ஆயிரக்கணக்கில். அவை வழியாகக் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போகிறது. அது நாம் வெளியே விடும் மூச்சில் இருப்பது. லாரிப் புகையில் இருப்பதும் அதுதான். வேரிலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. இலைக்குள் பச்சையம் இருக்கிறது. ஏறக்குறைய பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி, எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பயணம் செய்து வந்த வெளிச்சம் அதில் விழுகிறது. பச்சையம் அந்த வெளிச்சத்தில் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. பச்சையை அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறது. நம்ம மலை பச்சையாகத் தெரிவது அதனால்தான்.

பிடித்த சக்தியைக் கொண்டு இலை தண்ணீரைப் பிளக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஆவிதான் ஆகும், பிளக்காது. அதைப் பிளப்பது லேசான வேலை இல்லை. இலையோ சத்தமில்லாமல், இந்தக் குளிரில் செய்கிறது. பிளந்ததில் வரும் பிராணவாயு துளை வழியே வெளியே போய்விடுகிறது. மீதியைக் கரியமில வாயுவோடு சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. இலை விடும் பிராணவாயு கரியமில வாயுவிலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்து வந்ததா என்று ரொம்ப நாள் வாதம் நடந்தது. தண்ணீரிலிருந்துதான் என்று 1941-இல் அமெரிக்காவில் சோதனை செய்து காட்டினார்கள். நீங்கள் இப்போது உள்ளே இழுத்த மூச்சு, எப்போதோ ஒரு செடியோ கடல்பாசியோ பிளந்துபோட்ட தண்ணீர்.

ஹெல்மான்ட்டின் மரத்துக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அந்த 77 கிலோவும் காற்றும் தண்ணீரும்தான். இரண்டையும் சேர்த்துக் கட்டியது வெளிச்சம். மண் கொடுத்தது சிட்டிகை உப்பு மாதிரி, கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் செடி வாழாது. பச்சையத்துக்குள் இருக்கும் மக்னீசியம் மண் கொடுத்ததுதான்.

இனி நம்ம தோட்டத்து விஷயம். ரெண்டு இலை ஒரு மொட்டு என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருப்பீங்க. அந்தக் கொழுந்துக்குத்தான் விலை, படத்தில் போடுவதும் அதைத்தான். ஆனால் மேலே துளிர்க்கும் அந்த இளங்கொழுந்து தன் வளர்ச்சிக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்ள முடியாது. பச்சையம் இன்னும் நிறையவில்லை. கீழே கரும்பச்சையாக, முரடாக நிற்கிறதே முற்றின இலை, அது சமைத்து மேலே அனுப்பும் சர்க்கரையில்தான் கொழுந்து வளர்கிறது. அனுபவமுள்ள ஆள் எந்தத் தோட்டத்திலும் முற்றின இலையை உருவமாட்டார். உருவினால் அடுத்த சுற்றுக்குக் கொழுந்து கிடையாது.

கவ்வாத்து வெட்டுகிற காலம் இன்னும் அதிசயம். சில வருஷத்துக்கு ஒருமுறை செடியை இலையே இல்லாமல், வெறும் குச்சியாக வெட்டி நிறுத்திவிடுவார்கள். இலை இல்லாவிட்டால் சமையல் ஏது? இருந்தும் சில வாரத்தில் துளிர்க்கிறது. நல்ல நாளில் இலைகள் சமைத்து, தேவைக்கு மேல் மிஞ்சியதை மாவாக்கி வேரில் சேர்த்து வைத்திருந்தன. அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் துளிர்க்கிறது. இலங்கையிலும் நீலகிரியிலும் வெட்டுவதற்கு முன்னால் வேரில் ஒரு துண்டு நறுக்கி அயோடின் விட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. கருநீலமாக மாறினால் மாவு இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறவில்லை என்றால் செடிக்கு ஓய்வு கொடுப்பார்கள். அப்படியே வெட்டினால் செத்துப்போகும்.

நம்ம பாட்டிமார் லயத்து வீட்டில் விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, முதுகில் கூடையோடு பனியில் ஏறினார்கள். சம்பளம் எடைக்குத்தான். அதில் பசியாறியது போக மிஞ்சியதை வைத்து நம்மைப் படிக்கவைத்தார்கள். இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் நம்ம ஆட்கள் வேரில் இருந்த மாவிலிருந்து துளிர்த்தவர்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

தெரிந்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. "தாய்மையின் தியாகம்" என்று மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்கிறோம்? அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடுகிறார். கேட்டால் திரௌபதியும் கடைசியில்தான் சாப்பிட்டாள் என்று சிலர் சாஸ்திரம் பேசுவார்கள். கதையை ஒழுங்காகப் படிக்க வேண்டும். திரௌபதி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்தப் பாத்திரம் வற்றாது என்பதுதான் சூரியன் கொடுத்த வாக்கு. அதாவது அவள் பங்கு உறுதி. நம்ம வீட்டுச் சட்டிக்கு யார் அப்படி வாக்குக் கொடுத்தது?

இலையும் அப்படி இல்லை, பாருங்க. முற்றின இலை தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டுதான் மிஞ்சியதை மேலே அனுப்புகிறது. ராத்திரியில் வெளிச்சம் இல்லாதபோது, நம்மைப் போலவே மூச்சுவிட்டு, தான் சமைத்த சர்க்கரையைத் தானே செலவழிக்கிறது. வெளிச்சமே படாமல் அடியில் அமுங்கிப்போன இலை யாருக்கும் எதுவும் கொடுக்க முடியாமல் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். நம்ம தோட்டத்துப் பாட்டிகளில் எத்தனை பேர் இப்படி அமுங்கிக் கிடக்கிறார்கள்? மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. கைபேசியில் ரிங்கிட் மட்டும் மாதாமாதம் வந்து விழும். பேரன் முகத்தைப் பார்க்கத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டும்.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் இந்தக் கணக்கைக் கறாராகச் சொல்கிறார். உயிர்கள் அன்னத்திலிருந்து வருகின்றன, அன்னம் மழையிலிருந்து, மழை வேள்வியிலிருந்து. தேவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல் சாப்பிடுகிறவன் திருடன். ஆமாம், திருடன் என்ற சொல்லையே சொல்கிறார். சூரியனுக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுப்பது? அவனுக்கு நம்மிடம் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. அவன் கொடுத்ததை வாங்கி நமக்குத் தந்தவர்களுக்குக் கொடுக்கலாம். அவன் சமையல்கட்டை இடிக்காமலாவது இருக்கலாம். மலைச்சரிவில் காட்டை வழித்தால், இலையும் வேரும் பிடித்துவைத்திருந்த மண் மழையோடு இறங்கி ஆற்றுக்குப் போகிறது. ரிங்லெட் ஏரியில் அந்த மண்தான் படிந்து கிடக்கிறது. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்ததை இங்கே பல குடும்பங்கள் மறந்திருக்காது.

சரி, நம்மால் ஆகக்கூடியதற்கு வருவோம். தைப்பொங்கல் வருகிறது. சூரியனுக்குப் பானை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கோயிலில் அன்னதானம் போடுவோம். இந்த முறை பந்தியை மாற்றிப் போடலாம் என்று கோயில் நிர்வாகத்தாரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லிவிட்டார்கள். முதல் பந்தியில் சமைத்த அம்மாக்களும் தோட்டத்துப் பாட்டிகளும் உட்காருவார்கள். வாழை இலை போட்டு, சுடச்சுட. அவர்களோடு, இப்போது கொழுந்து வெட்டுகிற வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளிகளையும் கூப்பிடுங்க. அவர்களும் ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து இங்கே கூடை சுமக்கிறவர்கள்தான். பரிமாறுவது இளைஞர் பகுதியின் வேலை. தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆறு பேர், இலை எடுக்க ஆறு பேர் வேண்டும். பெயரை இன்றைக்கே செயலாளரிடம் கொடுத்துவிடுங்க.

நாம் கடைசிப் பந்தி. அண்டாவில் மிஞ்சியது நமக்கு. ஒன்றும் மிஞ்சாவிட்டால் கவலை வேண்டாம், தானா ராத்தாவில் ரொட்டி சானாய்க் கடை திறந்துதான் இருக்கும்.