யார் வைத்தது?

யாழ்ப்பாணத்தில் தீ என்றால் அது யாரோ வைத்ததாகத்தான் இருக்கும். 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நகரம் எரிந்த இரவுகளில் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தத் தீயை அறிவிக்க எந்த மணியும் தேவைப்படவில்லை, ஊரே பார்த்தது. அதற்கு முன்னும் பின்னும் சந்தையில் வைத்தார்கள், கடைகளில் வைத்தார்கள், வீடுகளில் வைத்தார்கள். ‘வைத்தார்கள்’ என்ற வினைக்கு எழுவாய் தேடியே பழகியவர்கள் நாங்கள். ‘பிடித்தது’ என்ற வினை காதில் ஏறுவதில்லை. தானாகப் பிடித்த தீயைப் பத்திரிகைகளும் ஒரே சொல்லில் முடித்துவிடும்: மின்னொழுக்கு. வெள்ளம், புயல் போல, கேள்வி கேட்க ஆளில்லாத சொல்.

2021 நவம்பர் 18 இரவு லண்டனின் பெக்ஸ்லிஹீத்தில் வீடொன்று எரிந்து, எங்கள் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அடுத்த நாள் தேநீர்க் கடையில் செய்தியை வாசித்தவரிடம் பக்கத்து மேசைக்காரர் கேட்டது, “ஆர் வச்சது?”

அண்மையில் தங்கையோடு அவளுடைய மகளுக்கு அறை தேடி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் போனேன். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் இப்போது பாதி வீடுகள் போடிங்தான். நான் பார்த்தது லண்டன்காரரின் மாடிவீடு. ஒரு குடும்பத்துக்கென்று கட்டி, பலகையால் மறித்து, எட்டு அறைகளாக்கியிருந்தார்கள். அறைக்கு ஒரே பிளக். அதில் ஒரு மல்ரிபிளக், அதில் இன்னொன்று. றைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில், இரண்டு போன்கள். கட்டிலில் ஸ்பொஞ் மெத்தை, கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி. மேலே பார்த்தபோதுதான் ஆச்சரியம்: மாடிப்படி முடியும் இடத்தில், சிலாப்பில், தோசை அளவில் வெள்ளையாக ஒரு வட்டம். புகை அலாரம். போன வருடம் வந்தபோது உரிமையாளர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தன் கையாலேயே பூட்டினாராம்.

பொறுப்பாக இருக்கும் அக்காவிடம் வேலை செய்யுமா என்று கேட்டேன்.

“அது சாம்பிராணி போட்டாலே கத்துது தம்பி. ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் ஓடி வந்திட்டினம். அதுதான் பற்றரியைக் கழட்டிட்டன்.”

பற்றரி இரண்டும் வீணாகவில்லை. ஒன்று சுவர் மணிக்கூட்டில், மற்றது ரீவி ரிமோட்டில்.

அக்காவில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு இருட்டறை இருக்கிறது. அதற்குள் ஒரு ஒளிக்கீற்று ஓடுகிறது. உள்ளே நுழையும் புகை அந்த ஒளியைச் சிதறடித்து உணரியின் மேல் விழுத்தினால் அது அலறும். சாம்பிராணி, எரியும் மெத்தை என்று தரம் பிரிக்க அதற்குத் தெரியாது. எங்கள் பழைய வீடுகளுக்கு இது தேவைப்படவுமில்லை. குசினி தனியாக இருந்தது. ஓட்டுக்கு இடையால் புகை தன்பாட்டில் போனது. படுக்கை பாயில், பலர் திண்ணையில். இப்போது ஓட்டின் இடத்தில் சிலாப், பாயின் இடத்தில் ஸ்பொஞ், ஏசிக்காக அடைத்த யன்னல். வீடு மாறியிருக்கிறது, மூக்கு மாறவில்லை. நித்திரையில் மூக்கும் நித்திரைதான். காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை. படுத்தவர் படுத்தபடியே போய்விடுவார். எழுப்பக்கூடியது காது மட்டும்.

காதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஷெல் கிளம்பும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையிலுள்ள விநாடிகளைக் கணக்கிட்டு உயிர் தப்பிய ஊர் இது. அந்த விநாடிகளுக்காக முற்றத்தைத் தோண்டினோம், பனங்குற்றி அடுக்கினோம், மண்மூட்டை போட்டோம். கிபிர் விமானம் வரும் இரைச்சலை நாய் முதலில் அறியும் என்று நாயின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். விநாடிகள் அல்ல, சில நிமிட அவகாசத்தையே இரண்டு பற்றரி தரும் என்றால் ரிமோட்டுக்குப் பற்றரி வேண்டுமென்கிறோம். எதிரி இல்லாத ஆபத்தை மதிப்பது எங்களுக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகக்கூட இருக்கலாம்.

சட்டம் இல்லாமலில்லை. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் தீப்பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2018இல் திருத்தப்பட்டன. கட்டடத்தின் பயன்பாடு என்ன, உயரம் எவ்வளவு என்பதைக் கொண்டு அவை பேசுகின்றன. பிரதேச சபையில் வரைபடம் குடியிருப்பு என்று அனுமதி பெற்றால், பிறகு உள்ளே எட்டுக் குடித்தனம் வந்தாலும் கடதாசியில் அது ஒரே வீடுதான். தீயணைப்புப் படை யாழ் மாநகர சபையினுடையது. இந்த ஒழுங்கைகளோ நல்லூர் பிரதேச சபையினுடையவை. தீ எல்லைக்கல் பார்ப்பதில்லை என்றாலும், வாகனம் திரும்ப முடியாத ஒழுங்கையைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அந்த உரிமையாளருக்கு லண்டனிலும் வாடகைக்கு விட்ட வீடு உண்டு. அங்கே 2015 அக்டோபர் 1 முதல், ஆட்கள் வாழும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் பூட்டுவது வாடகை வீட்டுக்காரரின் கடமை. வாடகை தொடங்கும் நாளில் அது வேலை செய்கிறதா என்று அமத்திப் பார்க்கவேண்டும். தவறினால் 5,000 பவுண் வரை தண்டம். இங்கே யாரும் கேட்காமலே ஒன்றைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார். நல்ல மனிதர். லண்டன் வீட்டில் அவர் செய்யாத ஒன்றையும் இங்கே செய்திருக்கிறார்: மேல்மாடி யன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கிறில், படியடியில் கிறில் கேற், அதற்கு மாங்காய்ப் பூட்டு. கள்ளர் பயம். பெண்பிள்ளைகள் தங்கும் இடம் என்ற பயம் அதைவிடப் பெரிது. அந்தக் கிறில் இல்லாவிட்டால் பெற்றோர் அறையே எடுக்கமாட்டார்கள். கடலுக்கு அக்கரையில், இராமநாதபுரத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மனநல விடுதிக் கொட்டகை எரிந்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காகத்தான்.

“கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவீங்கள் அக்கா?”

“ஒன்பதுக்கு. அதுக்குப் பிறகு ஒரு பிள்ளையும் வெளிய போகேலாது.”

“திறப்பு?”

“என்னட்டைத்தான். கீழ தலகாணிக்குள்ள வச்சிட்டுப் படுப்பன். நீங்கள் யோசிக்காதேங்கோ.”

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நிம்மதி. கம்பஸுக்கு நடந்தே போகலாம், தண்ணீர் நல்லது, பூட்டும் நல்லது. மூன்று மாத முற்பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அக்கா அதை இரண்டு தரம் எண்ணிப் பார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து, துண்டில் நேரத்தையும் எழுதித் தந்தார். ஐந்து பத்து. மணிக்கூடு சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.