அலிஃப் லைலா பார்க்கலாமா?

தூர்தர்ஷனில் 1993-ல் தொடங்கிய 'அலிஃப் லைலா' 1997 வரை ஓடிற்று. தயாரித்தவர்கள் ராமானந்த் சாகர் குடும்பத்தார். 2020-ல் ஊரடங்குக் காலத்தில் அது மறுபடியும் ஒளிபரப்பாயிற்று. இப்போதோ கைப்பேசியில் எந்த நேரமும் கிடைக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் உருது பேசும் இல்லங்களில் அதற்கு மொழிபெயர்ப்புக்கூடத் தேவையில்லை. "நம் கதைதானே, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்கிறார்கள் தாய்மார்கள். "கதையெல்லாம் பொய், பொய்யெல்லாம் ஹராம், அணைத்து வை" என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டும் அவசரத் தீர்ப்பு என்பதே நமது எண்ணம்.

முதலில், அது நம் கதைதானா? ஹிஜ்ரி 377-ல் (கி.பி. 987) பக்தாதில் 'ஃபிஹ்ரிஸ்த்' என்ற நூற்பட்டியலைத் தொகுத்த இப்னுந் நதீம், இக்கதைகளின் மூலம் 'ஹஸார் அஃப்ஸான்' என்ற பாரசீக நூல் என்று எழுதுகிறார். அவருக்கு அந்நூல் பிடிக்கவுமில்லை. சுவையற்றது, தரம் குறைந்தது என்று ஒதுக்கிவிட்டார். அலாவுத்தீனும் அலிபாபாவும் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லவே இல்லை. ஹலப் நகரத்துக் கிறிஸ்தவரான ஹன்னா தியாப் 1709-ல் பாரிஸில் சொல்லக் கேட்டு, காலான் என்ற பிரெஞ்சுக்காரர் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்தவை அவை. அந்த அலாவுத்தீனும் அரபு நாட்டவனல்லன். கதைப்படி அவன் ஊர் சீனா!

இதைப் புரிந்துகொள்ள சேலத்துக்காரர்கள் பக்தாதுக்கும் பாரிஸுக்கும் போக வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ்தான் 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது. டி. ஆர். சுந்தரம் இயக்க, எம்.ஜி.ஆர். அலிபாபாவாக நடித்தார். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. அதைப் பார்த்துவிட்டு வந்து, தீனைக் கற்றுக்கொண்டோம் என்று எவரும் சொன்னதுண்டா? தலைப்பாகையும் தாடியும் முஸ்லிம் பெயரும் ஒரு கதையை இஸ்லாமியக் கதையாக்கிவிடா.

அப்படியானால் கதை என்பதே கூடாதா? அவ்வாறு சொல்லவும் நமக்கு உரிமையில்லை. தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் செய்த இறக்கைகளுடன் ஒரு குதிரையைக் கண்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்றார்கள் அன்னையவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இது அபூதாவூதில் உள்ள செய்தி. பதினொரு பெண்கள் தத்தம் கணவரைப் பற்றிச் சொன்ன நீண்ட கதையை அன்னையவர்கள் சொல்லிமுடிக்கும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டிருந்ததைப் புகாரியில் காணலாம். நம் முன்னோர்களும் கிஸ்ஸாவும் மசலாவும் படைப்போரும் வீட்டுத் திண்ணையில் உரக்கப் படித்தவர்கள்தாம்.

கதை வேண்டாம் என்போர் லுக்மான் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தைக் காட்டுவர். நள்ரு இப்னு ஹாரிஸ் என்பவன் ருஸ்தம், இஸ்ஃபந்தியார் கதைகளைப் பாரசீகர்களிடம் கற்றுவந்து, திருமறை ஓதப்படும்போது அதற்குப் போட்டியாக மக்களைக் கூட்டிச் சொன்னான் என்பது விரிவுரையாளர்கள் தரும் பின்னணி. அவன் குற்றம் கதை சொன்னதில் மட்டும் இல்லை. அல்லாஹ்வின் பாதையை விட்டுத் திருப்புவதற்காகச் சொன்னதில் இருந்தது. மஃரிபு பாங்கு கேட்ட பின்பும் "இதோ, இந்தக் காட்சி முடியட்டும்" என்று அமர்ந்திருப்பவர் அந்த வசனத்தைத் தம் வீட்டோடு பொருத்திப் பார்க்கட்டும். ஆடல் பாடல் காட்சிகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அவை வரும்போது கைப்பேசியை அணைப்பவர்களே அதிகம்.

ஆனால் நமக்குக் கவலை தருவது வேறொன்று. இறக்கையுள்ள குதிரை வெறும் கற்பனை. அதற்கு அஞ்சி எவரும் தாயத்துக் கட்டுவதில்லை. ஜின் அப்படியன்று, ஜின்கள் உண்டென்பது நம் நம்பிக்கை, அவர்கள் பெயரால் திருமறையில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. விளக்கைத் தேய்த்தால் வந்து நிற்கும், கேட்டதைக் கொடுக்கும், மறைந்ததை அறியும் என்று அவர்களைக் காட்டினால், இல்லாத ஒன்றைப் பற்றிய கற்பனை என்று அதைத் தள்ளிவிட முடியாது. இருக்கும் ஒன்றைப் பற்றிய தவறான செய்தி அது. வேற்று மதத்தார் வீட்டுப் பிள்ளைக்கு அலிஃப் லைலா வெறும் வேடிக்கை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது பாதி மார்க்கமாகத் தோன்றும்.

திருமறை சொல்வதோ நேர்மாறு. ஜின்கள் சுலைமான் நபிக்கு ஏவல் செய்தது அல்லாஹ்வின் கட்டளையால். அந்த நபி தம் கைத்தடியில் சாய்ந்தபடியே மரணமடைய, அது தெரியாமல் அவர்கள் உழைத்துக்கொண்டே இருந்தனர். பூச்சி தடியை அரித்து, உடல் சாய்ந்த பின்புதான் உண்மை விளங்கிற்று. கண்முன் நின்றவரின் மௌத்தையே அறியாதவர்கள், களவுபோன நகையின் இருப்பிடத்தை அறிவார்களா? ஆனால் விசைத்தறியில் நஷ்டம் என்றாலும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் "ஜின் பார்வை, சூனியம்" என்று கட்டம் போட்ட காகிதத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் நம் வட்டாரத்தில் குறைவா? இதற்கெல்லாம் ஒரு தொடரே காரணம் என்பது மிகை. ஏற்கெனவே இருக்கும் மயக்கத்துக்கு அது நீர் வார்க்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, விவரமறிந்த பெரியவர்கள் தொழுகைக்கும் வேலைக்கும் குறைவில்லாமல் பார்த்தால் நாம் தடுக்கப்போவதில்லை. பெரிய நஷ்டம் நேரம்தான். அந்த ஜின் சிரித்து முடிப்பதற்குள் ஒரு குல்ஹுவல்லாஹு ஓதிவிடலாம்! சிறு பிள்ளைகள் விஷயம் அவ்வாறன்று. நாமக்கல் பக்கம் அத்தா லாரியில் வடநாடு போயிருப்பார். அம்மா அடுப்படியில் இருப்பார். பிள்ளை கைப்பேசியோடு தனியே இருக்கும். அந்த நிலையில் இத்தொடர் வேண்டாம் என்போம். கூடவே ஒருவர் இருந்து, இது ஜோடனை, உண்மையில் ஜின்னுக்கு மறைவானது தெரியாது என்று சொல்ல முடிந்தால் பார்க்கட்டும். அதற்கு முன்பு அந்தக் கைத்தடியின் வரலாற்றைப் பிள்ளை கேட்டிருக்க வேண்டும்.

அதை யார் சொல்வது? ஸபஉ அத்தியாயத்தின் 14-ஆம் வசனத்தைப் பிழையின்றி ஓதும் பிள்ளைகள் நம் மக்தபுகளில் உண்டு. அதில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஓதல் முடிந்த பின் வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் நபிமார்களின் வரலாற்றைத் தமிழில் சொல்லும்படி உஸ்தாதுமாரிடம் ஜமாஅத்தார் கேட்டுப் பார்க்கலாம்.