'ஹார்ட்' என்னும் சொல்லின் பொருள்விரிவும் அறச்சிக்கலும்

ஆங்கிலத்தில் 'ஹார்ட்' என்னும் சொல் குருதியைச் செலுத்தும் உறுப்பைக் குறிப்பதோடு நில்லாது அன்பு, துணிவு, நினைவு, நடுவிடம் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. ஊக்கம் குன்றியவர் 'ஹார்ட்' இழந்தவர். மனப்பாடம் செய்தவர் 'ஹார்ட்' வழிக் கற்றவர். இரக்கமற்றவர் அஃது இல்லாதவர். துணிவைச் சுட்டும் 'கரேஜ்' என்னும் சொல்லும் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே.

உணர்வின் இருப்பிடம் இதயம் என்றார் அரிஸ்டாட்டில். மூளையே என்றார் பிற்கால மருத்துவர் காலன். 1628இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய பின்னரும் மொழி தன் பழைய வழக்கைக் கைவிடவில்லை. இவ்விடைவெளி இலக்கியத்திற்கு வளம். மருத்துவமனையிலோ அதுவே அறச்சிக்கலாகிறது.

1967இல் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு ஒருவர் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு மூளைச் செயலிழப்பை இறப்பின் அளவுகோலாக முன்மொழிந்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை ஏற்றது. அவ்வாறு இறந்தவர் எனச் சான்றளிக்கப்பட்டவரின் இதயம் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் துடித்துக்கொண்டிருக்கும். அந்நிலையிலேயே உறவினரிடம் கொடைக்கு இசைவு கேட்கப்படுகிறது. மருத்துவர் கேட்பது ஒரு தசையுறுப்பை. உறவினர் செவியில் விழுவதோ அன்பின் உறைவிடம். அவர்தம் தயக்கத்தை அறியாமை என ஒதுக்குதல் முறையன்று. காலங்காலமாக மொழி கற்பித்த பொருளையே அவர்கள் எண்ணுகின்றனர்.

தமிழில் இப்பொருள்கள் நெஞ்சு, உள்ளம், மனம், இதயம் எனப் பிரிந்து நிற்கின்றன. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என இரு அதிகாரங்கள் உள்ளன. ஆங்கு முன்னிலைப்படுத்தப்படும் நெஞ்சு அறுவைக்குரிய உறுப்பன்று. எனினும் இக்காலத் தமிழில் 'இதயம்' என்னும் சொல்லும் அன்பு, நடுவிடம் ஆகிய பொருள்களை ஏற்றுள்ளமையால் அதே மயக்கம் இங்கும் நேர்கிறது.

இசைவு கேட்போர் முதற்கண் செய்யத்தக்கது இவ்விரு பொருள்களையும் பிரித்துணர்த்துவதாகும். கொடுக்கப்படுவது உறுப்பே, இறந்தவரின் அன்பு அவரை அறிந்தவரிடமே எஞ்சுகிறது. இத்தெளிவு பெற்றபின் உறவினர் மறுப்பினும் அம்மறுப்பு மதிக்கத்தக்கது. சொல்லின் மயக்கத்தைப் பயன்கொண்டு பெறும் இசைவோ, அம்மயக்கத்தால் விளையும் மறுப்போ முழுமையான அறத்தேர்வு ஆகாது.