தலைவலிக்காக வந்தவர்

தலைவலி தீர வேண்டுமென்று ஒரு குருவை நாடிப் போவது குற்றமா?

ரங்கூனில் சத்திய நாராயண கோயங்கா என்றொரு வியாபாரி இருந்தார். செல்வத்துக்குக் குறைவில்லை, ஒற்றைத் தலைவலிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வலி முற்றும்போது மார்பியா ஊசி. ஊசியே பழக்கமாகிவிடுமோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று அலைந்தும் தீரவில்லை. கடைசியில், 1955-ல், ஊ பா கின் என்பவரிடம் தியானம் கற்கப் போனார். ஊ பா கின் துறவியல்லர். சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டண்ட் ஜெனரல். தலைவலி என்றதும், "அதற்காகவானால் வரவேண்டாம்" என்ற பொருளில் மறுத்துவிட்டார். உள்ளத்தைத் தூய்மையாக்கும் வழியைத் தலைவலி மருந்தாக்குவது அதன் மதிப்பைக் குறைப்பது என்பது அவர் கருத்து. கோயங்கா நோக்கத்தை மாற்றிக்கொண்டு வந்தார், கற்றார், தலைவலியும் போயிற்று.

இதை முதலில் அறிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வலியில் துடிப்பவனிடம், "உன் நோக்கம் உயர்ந்ததாயில்லை" என்று சொல்வது என்ன தர்மம்? வலியைவிட நேர்மையான காரணம் மனிதனுக்கு வேறு என்ன இருக்கிறது?

1979-ல், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபட்-ஜின் என்பவர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். உயிர்நூல் படித்தவர், வைத்தியர் அல்லர். உங்களால் குணப்படுத்த முடியாதவர்களை என்னிடம் அனுப்புங்கள் என்று டாக்டர்களைக் கேட்டார். தீராத முதுகுவலிக்காரர்களும் கவலையால் தூக்கமிழந்தவர்களும் வந்தார்கள். புத்தரையோ நிர்வாணத்தையோ பற்றிப் பேச்சில்லை. எட்டு வாரப் பயிற்சி. ஓர் உலர்ந்த திராட்சையை, முதன்முதலாகக் காண்பதுபோல் பார்த்து, முகர்ந்து, மெல்ல மெல்லச் சுவைப்பதில் அது தொடங்கும். பிறகு, படுத்தபடி, கால்விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் அங்கமாகக் கவனத்தைச் செலுத்த வேண்டும். வலிக்கும் இடம் வந்தால் விரட்டக் கூடாது. நின்று பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் படுக்கைப் பயிற்சி ஊ பா கின் கற்பித்த முறையைத் தழுவியது. தலைவலிக்காரருக்குக் கதவைச் சாத்தியவரின் வித்தைதான் வலிக்காரர்களின் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது!

பலன் உண்டா? 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் 342 பேரைப் பரிசோதித்தார்கள். இப்பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு நடமாட்டம் சீராயிற்று. வழக்கமான வைத்தியத்தில் 44 பேருக்கு. சிந்தனைப் போக்கைத் திருத்தும் மனோதத்துவ சிகிச்சையும் ஏறக்குறைய இதே பலனைத் தந்தது. கவலை நோயாளிகளிடம் நடந்த 2022-ம் வருஷத்து ஆராய்ச்சியில், பயிற்சி எஸ்சிடலோபிராம் மாத்திரைக்குச் சளைக்கவில்லை. அற்புதமில்லை, ஆனால் அற்பமுமில்லை.

எனக்கும் இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு இறங்கும் வலி ஒன்று உண்டு. ஒரு நடுநிசியில் அதைப் பார்த்துத்தான் தீர்ப்பது என்று படுத்தேன். ஒரே வலி என்று நான் நினைத்திருந்தது மூன்றாகப் பிரிந்தது. தொடையில் ஓர் எரிச்சல். கெண்டைக்காலில் ஓர் இழுப்பு. மூன்றாவது, "நாளை மேஜைமுன் உட்கார முடியாமற்போனால் எப்படி எழுதுவது?" என்ற திகில். அது காலில் இல்லவே இல்லை. ஆனால் மூன்றிலும் அதிகம் வலித்தது அதுதான்.

அன்று முதல் ஊ பா கின்மேல் இருந்த கோபம் பாதி தணிந்தது. வலி போயிற்றா, போயிற்றா என்று நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்ப்பவன் வலியைப் பார்ப்பதில்லை; அந்த மூன்றாவதற்குத்தான் தீனி போடுகிறான். அதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

மீதிப் பாதி தணியவில்லை. அந்த மறுப்பைக் கேட்டு மனம் நொந்து கோயங்கா ஊசிக்கே திரும்பியிருந்தால்? மாறாக, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பதிலும் ஆபத்து இல்லாமலில்லை. இன்று சில அமெரிக்கக் கம்பெனிகள் தம் ஊழியர்களுக்கு இதைக் கற்றுக் கொடுக்கின்றன. பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் அமர்த்தி முதுகை ஒடித்துவிட்டு, "வலியை அமைதியாகக் கவனி" என்றால், கவனிக்க வேண்டியவன் முதலாளியல்லவா? அங்கே ஓர் ஊ பா கின் வாசலில் நின்று, "எதற்காக?" என்று கேட்டால் தேவலை. நோயாளியை அல்ல, அழைத்து வந்தவனை.

நேற்றிரவும் கால் வலித்தது. எரிச்சல் இருந்தது, இழுப்பு இருந்தது, மூன்றாவதைக் காணோம். எங்கே போயிற்று என்று தேடினேன். உடனே வந்துவிட்டது.