"என் உயிர்தானே பாஸ்டர்?"



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆராதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிற நேரத்தில், நம் சபைச் சகோதரி ஒருவர் போன் பண்ணி அழுதார்கள். மகன் காமராஜர் சாலையில் பைக் ரேஸ் ஓட்டி போலீஸில் அகப்பட்டுவிட்டான். வயது 19. "நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா இன்ஸ்பெக்டர் விட்டுடுவார் பாஸ்டர்" என்றார்கள். (அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பேர் ஊர் எதுவும் எழுதவில்லை.) ஆராதனையை உதவி ஊழியரிடம் ஒப்புவித்துவிட்டுப் போனேன்.

போய் என்ன செய்தேன்? இட்லிப் பொட்டலம் வாங்கிக்கொடுத்தேன். பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தேன். ஆனால் "கேஸ் போடாதீங்க சார்" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னால் சொல்லுகிறேன். மத்தியானம் எழுதி வாங்கிக்கொண்டு பையனை அனுப்பினார்கள். வழக்கு நிற்கிறது, வண்டி அங்கேயே நிற்கிறது. சகோதரிக்கு இன்னும் என்மேல் வருத்தம் தீரவில்லை.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பையன் பாதி வழியில் வாய் திறந்தான். "பாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இருங்காட்டுக்கோட்டையில டிராக் இருக்கு, அங்கயும்தான் சாவுறாங்க. 2024-ல கவர்மெண்ட்டே மெட்ராஸ் ரோட்டுல ரேஸ் நடத்துச்சு. அப்ப அது விளையாட்டு, நாங்க ஓட்டினா குத்தமா? அப்படியே ஏதாவது ஆனாலும் என் உயிர்தானே?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எண்ணவில்லை. "பெரியவங்க சொன்னா கேளு" என்று வாயை அடைத்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் நியாயம் கேட்கும்போது நியாயத்தைத்தான் சொல்லவேண்டும்.

முதலாவது, டிராக் என்பது எப்படி வந்தது என்று பாருங்கள். ஆதியில் ரேஸ் எல்லாமே ரோட்டில்தான். 1903-ம் வருஷம் மே மாதத்தில் பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்கு ஒரு கார் பந்தயம் புறப்பட்டது. திறந்த ரோடு, ஓரமெல்லாம் ஜனக்கூட்டம், புழுதி, மாட்டு வண்டி, நாய். முதல் நாளே ஓட்டினவர்களும் வேடிக்கை பார்த்தவர்களுமாகப் பலர் செத்தார்கள். ரெனோ கார் கம்பெனி சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் அடிபட்டு இறந்தார். பிரெஞ்சு அரசாங்கம் போர்தோ நகரத்தில் பந்தயத்தை நிறுத்திவிட்டது. அத்தனை வேகமாய் வந்த கார்களைக் குதிரை பூட்டி ரயில்வே ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்களாம்! இங்கிலாந்திலோ ரோட்டில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. ஆகவே ஒரு நிலச்சுவான்தார் தன் சொந்த நிலத்திலே, தன் சொந்தப் பணத்திலே கான்கிரீட்டில் ஒரு ஓட்டப்பாதை கட்டினார். 1907-ல் திறந்த புரூக்லண்ட்ஸ் அது. ரேஸுக்கென்றே இப்படிக் கட்டினது அதுதான் முதலாவது என்று சொல்லுகிறார்கள். அந்த மனுஷனுக்கும் வேகத்தின்மேல் ஆசைதான். ஆனால் ஆசை தன்னுடையது, ஆகையால் நிலமும் தன்னுடையதாக இருக்கட்டும் என்று ஏற்பாடு பண்ணினார்.

இத்தாலி தேசத்தில் ரோட்டு ரேஸ் வெகுநாள் தொடர்ந்தது. மில்லே மில்யா என்று பேர், ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். 1957-ல் ஒரு பெராரி கார் தறிகெட்டு ஜனங்கள்மேல் பாய்ந்தது. ஓட்டினவரும் கூட இருந்தவரும் போனார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் 9 பேர் போனார்கள். அந்த 9 பேரில் 5 பேர் பிள்ளைகள். அதோடு அந்தப் பந்தயம் முடிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். மெட்ராஸிலும் சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதை சும்மா கிடந்ததே, அதில்தான் முந்தின தலைமுறை ரேஸ் ஓட்டியது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனியாக டிராக் வந்தது. நீளம் 3.7 கிலோமீட்டர். அங்கே எதிர்வண்டி கிடையாது, எல்லாரும் ஒரே திசை. தடம் தப்பினால் போய் விழ வெறும் மண் பரப்பு, அதற்கப்பால் டயர் அடுக்கின தடுப்பு. ஓட்டுகிறதற்கு முன்பே வண்டியின் பிரேக்கையும் டயரையும் ஆட்கள் சோதிக்கிறார்கள். ஹெல்மெட்டும் தோல் உடுப்பும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் கொடிக்காரர்: மஞ்சள் கொடி காட்டினால் முந்தக்கூடாது, சிவப்புக் கொடி காட்டினால் எல்லாரும் நிறுத்தவேண்டும். ஆம்புலன்ஸும் டாக்டரும் இல்லாமல் ரேஸ் துவங்காது.

உபாகமத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. பிரசங்கத்தில் நாம் அதிகம் எடுப்பதில்லை. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும். வைக்காமல் ஒருவன் விழுந்தால் பழி வீட்டுக்காரன்மேல். மாடியே கட்டாதே என்று அங்கே சொல்லியிருக்கிறதா? இல்லை. உயரத்துக்கு ஏறலாம், ஆனால் விழப்போகிறவனை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கவேண்டும். டிராக் என்பது கைப்பிடிச்சுவர் வைத்த மாடி. இரவு 2 மணிக்கு பீச் ரோட்டில் ஓட்டுகிற ரேஸ் சுவரில்லாத மாடி.

2024 விஷயமும் அப்படியே. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் ரோட்டில் கார் ரேஸ் நடந்தது மெய்தான். ஆனால் எப்படி? ரோட்டை அடைத்தார்கள், இருபுறமும் தடுப்பும் வலையும் வைத்தார்கள், ராத்திரியைப் பகலாக்குகிற மாதிரி விளக்குப் போட்டார்கள். சர்வதேச மோட்டார் சங்கத்தின் சான்றிதழ் வராமல் வண்டி ஓடக்கூடாது என்று உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. மழையால் வேலை தாமதப்பட, சனிக்கிழமை முழுக்க அந்தச் சான்றுக்காகக் காத்துக்கிடந்தார்கள். கூட்டமெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனாலும் வண்டி நகரவில்லை. (ஜனங்களின் பணத்தை அதற்குச் செலவழிக்கலாமா என்பது வேறு கேள்வி, எனக்கும் அதில் அபிப்பிராயம் உண்டு.) தார் அதே தார்தான், தம்பி. அந்த இரண்டு நாள் அதில் பால்காரன் வரமாட்டான் என்று உறுதி செய்திருந்தார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 189-ம் பிரிவும் ரேஸே கூடாது என்று சொல்லவில்லை. மாநில அரசின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்கிறது. மீறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இப்போது "என் உயிர்தானே?" என்கிற கேள்வி. ஒரு பாட்டியம்மா விடியற்காலையில் ரோட்டைக் கடக்க நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. வண்டி 40-ல் வந்தால் அவர்கள் கையில் 9 விநாடி இருக்கிறது. 120-ல் வந்தால் 3 விநாடி. விளக்கைப் பார்த்து வேகத்தைச் சொல்ல அந்த அம்மாவால் முடியுமா? முடியாது. எல்லாரும் எப்படி ஓட்டுவார்களோ அப்படித்தான் இவனும் ஓட்டுவான் என்று நம்பிக் காலை எடுத்து வைக்கிறார்கள். ரோடு என்பதே அந்த நம்பிக்கையின்மேல்தான் ஓடுகிறது. முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புகிற இடம் அது. டிராக்கில் இறங்குகிற ஒவ்வொருவனும் ஆபத்தை அறிந்து கையெழுத்துப் போட்டு இறங்குகிறான். அந்தப் பாட்டியம்மா எதில் கையெழுத்துப் போட்டார்கள்? இரட்டிப்பு வேகத்துக்கு பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பஸ்ஸில் சொன்னேன். பையன் தலையாட்டினான், மனசுக்குள் போகவில்லை என்று முகத்திலே தெரிந்தது. அப்போதுதான் 26 வருஷமாய் என் மனைவியைத் தவிர ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1999-ல் எனக்கு வயது 20. இரட்சிக்கப்படவில்லை. சிநேகிதனுடைய யமஹா ஆர்எக்ஸ் 100. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் காலை நாலரை மணிக்கு இரண்டு வண்டி பந்தயம். தோற்றவன் பிரியாணி வாங்கித்தரவேண்டும், அவ்வளவுதான். ஒரு பால்காரர் சைக்கிளில் குறுக்கே வந்தார். குறுக்கே வந்தார் என்று சொல்வதே அநியாயம், அவர் தன் வழியில் போனார். என் ஹேண்டில்பார் அவர் கூடையில் உரசியது. ஸ்டைலுக்காக வண்டிக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தோம், ஆகவே கழுத்தைத் திருப்பித்தான் பார்த்தேன். சைக்கிள் கிடந்தது, மனுஷன் கிடந்தார், பாக்கெட் உடைந்து ரோடெல்லாம் வெள்ளையாய்ப் பால். நிறுத்தவில்லை. ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் எழுந்தாரா, கால் போயிற்றா, ஒன்றும் தெரியாது. அன்றைக்கு நான் ஜெயித்தேன்.

இன்ஸ்பெக்டருக்கு முன்னால் என் வாய் ஏன் திறக்கவில்லை என்று இப்போது தெரிகிறதல்லவா? என்னை அன்று ஒருவர் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் அந்த மனுஷனிடம் போய் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

டிராக்கை நான் பரிசுத்த ஸ்தலமாக்கவில்லை. 1955-ல் பிரான்சில் லெமான் ரேஸில் ஒரு கார் சிதறிக் கூட்டத்தில் விழுந்து 80 பேருக்கு மேல் மாண்டார்கள். அதுவும் அடைக்கப்பட்ட பாதைதான். இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஜனவரியில் அனுபவமுள்ள ஒரு கார் ஓட்டுநரும், ஆகஸ்டில் பைக் ஓட்டின 13 வயதுப் பிள்ளை ஒருவனும் இறந்தார்கள். 13 வயதுப் பிள்ளை எதற்குச் சம்மதித்தான் என்று சொல்ல முடியும்? அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து, கையெழுத்தைப் பற்றி நான் மேலே எழுதின நியாயம் பிள்ளைகள் விஷயத்தில் நிற்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை.

தகப்பன்மார்களே, உங்களுக்கு ஒன்று. முட்டுகிற மாடு என்று தெரிந்தும் கட்டிவைக்காமல் விட்டவனையும் யாத்திராகமம் குற்றவாளியாக்குகிறது. தவணையில் பெரிய வண்டி வாங்கிக்கொடுத்து, ராத்திரி சைலன்சர் சத்தம் கேட்டும் புரண்டு படுக்கிறீர்களே! பையன் 18 வயதுக்கு உட்பட்டவனாயிருந்தால், 2019-ல் வந்த சட்டத்திருத்தத்தின்படி பெற்றவருக்கே 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

"ஜெபம் பண்ணிட்டுத்தான் பாஸ்டர் வண்டியை எடுப்பேன்" என்றும் அவன் சொன்னான். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னது யார் என்று கேட்டேன். சிரித்துவிட்டான். பூந்தமல்லி வந்தது. இறங்கும்போது, "அந்தப் பால்காரர் எந்த இடத்துல விழுந்தார் பாஸ்டர்?" என்று கேட்டான். காட்டினேன். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்றோம்.

அடுத்து இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் நடக்கிற ஒரு சனிக்கிழமை, வாலிபரைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகலாம் என்றிருக்கிறேன். மூப்பர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே முகம் சுளித்துவிட்டார்கள், அவர்களையும் அழைத்திருக்கிறேன். அந்தப் பையன் வருகிறான். வர விரும்புகிற தம்பிமார் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பேர் கொடுக்கவும். பஸ்ஸில்தான் போகிறோம்.