எரிந்தால் போதுமா?

தீபாவளிக்கு முன்னால் நம் தாமான்களில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வாசலில் சிமெண்டு மூட்டையும் பெயிண்டு டப்பாவும் கிடக்கும். வேலை முடியும் நேரத்தில் கையிருப்பு கரைந்திருக்கும். அப்போதுதான் வயர்மேனிடம் சொல்வோம்: "அண்ணே, பழைய லைட்டு, காத்தாடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதையே மாட்டிடுங்க."

அப்படிச் சொல்வது தப்பே இல்லை. தாத்தா வாங்கிய காத்தாடி இன்னும் சத்தமில்லாமல் சுற்றுகிறது என்றால், அதைக் குப்பையில் போடுவதுதான் எனக்குப் பொறுக்காது. ஆயுத பூஜையன்று ஸ்குரூடிரைவருக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிற ஆட்கள் நாம். ஆனால் "நல்லாத்தான் இருக்கு" என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சுவிட்சைத் தட்டினோம், எரிந்தது. அவ்வளவுதானே?

எரிவதற்கு இரண்டு வயர் போதும். மூன்றாவதான எர்த் வயர் இல்லாமலேயே லைட்டு வருஷக்கணக்கில் எரியும். உள்ளே வயரின் மேல்தோல் வெடித்து, லைட்டின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறுகிற அந்த ஒரு நாளில்தான் அதற்கு வேலை. கரண்டை மண்ணுக்கு இறக்கி, மெயின் பெட்டியில் சுவிட்சை விழ வைக்கும். அந்த வயர் இல்லையென்றால், தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் கரண்ட் மண்ணுக்குப் போகப் பார்க்கும். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொடுத்தாலும் லைட்டு எரியத்தான் செய்யும். சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும், அதுதான் ஆபத்து. பல்பு மாற்ற ஏணியில் ஏறும் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? காத்தாடி கதையும் இதுதான். புது பிளாஸ்டர் சீலிங் அதன் பாரத்தைத் தாங்காது. மேலே கான்கிரீட்டில் இருக்கும் கொக்கியில்தான் தொங்க வேண்டும். அதற்கு நீளமான கம்பி வாங்க வேண்டியிருக்கும், வாங்கத்தான் வேண்டும்.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்வது பற்றிக் கீதை வகுப்பில் நிறையப் பேசுகிறோம். அது எப்படி இருக்கும் என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் இந்த எர்த் வயரைத்தான் காட்டுவேன். ஒழுங்காகக் கொடுத்த வயர்மேனை யாரும் பாராட்டப் போவதில்லை.

"அந்தக் காலத்துல யாரு எர்த்தெல்லாம் பார்த்தா? நாங்க நல்லா இல்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நல்லா இருக்கிறவர்கள்தானே இப்படிக் கேட்க முடியும்!

நம் வீட்டில் மாட்டாமல் ஒதுக்கிய சாமான்கள் விஷயம் இன்னும் சிக்கல். "கோயிலுக்குக் கொடுத்திடலாம்", "வாடகை வீட்டுல மாட்டிடலாம்" என்கிறோம். கட உபநிஷதத்தில் நசிகேதனின் அப்பா பெரிய வேள்வி நடத்திப் பசுக்களைத் தானம் கொடுக்கிறார். எல்லாம் பால் வற்றிப்போன கிழட்டுப் பசுக்கள். பார்த்து நின்ற பிள்ளைக்கு மனசு உறுத்துகிறது. எமனிடம் அவன் கேட்ட கேள்விகள் நமக்கு ஞாபகம் இருக்கின்றன. அதெல்லாம் தொடங்கியது இந்த மாடுகளில் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். வாடகைக்கு வருகிறவர் சீலிங்கைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. நம்மை நம்பித்தான் சுவிட்சைத் தட்டுகிறார். மிச்சமான பணம் நமக்கு, ஆபத்து அவருக்கு என்றால் அதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழசைக் காப்பாற்ற வழி இருக்கிறது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுத்து, உள் வயரையும் ஹோல்டரையும் மாற்றி, எர்த் கொடுத்து, டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். கொஞ்சம் செலவாகும். தாத்தாவின் விளக்கு அப்போதும் தாத்தாவின் விளக்குதான். தேறாது என்று அவர் சொன்னால், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

கோயில் தொண்டுக்குப் போகும் இளைஞர்களிடம் யாராவது பெட்டி நிறையப் பழைய லைட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், மரியாதையாகவே கேளுங்கள்: "அங்கிள், இதை உங்க வீட்டு ஹால்ல மாட்டுவீங்களா?" கோபம் வரலாம். நசிகேதனின் அப்பாவுக்கும் வந்தது.